ஜகாத் படிவத்தைத் திருத்தி வரைந்தபோது



எமது மஹல்லா ஜமாஅத்தின் பைத்துல்மால், குடும்பங்கள் தம் ஆண்டு ஜகாத் கணக்கைப் பதிந்து அனுப்புவதற்கென ஒரு கைப்பேசிச் செயலியைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறது. வணிகக் கணக்கு மென்பொருள் ஒன்றை வெளியூர் நிறுவனமொன்று மாற்றிக் கொடுத்தது அது. ஊரில் பாதிப்பேர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டனர். மீதிப்பேர் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் கைப்பேசியைக் கொடுத்து, "நீயே ஏதாவது போட்டு அனுப்பு" என்றனர். அதன் திரைகளை முதலிலிருந்து வரைந்து தரும் பொறுப்பு சென்ற ஆண்டு எம்மிடம் வந்தது. நிரலெழுதும் பணியை வெளிநாட்டில் வேலை பார்க்கும் எமது மாணவி ஒருவரின் மகன் ஏற்றுக்கொண்டார். எந்தத் திரையில் என்ன இருக்க வேண்டும், என்ன சொல்லில் கேட்க வேண்டும், எதற்குப் பின் எது வர வேண்டும் என்பதெல்லாம் எம் பொறுப்பு. "நாம்" என்று எழுதுவது மதரஸா வழக்கம். வரைவதற்கு அமர்ந்தது ஒருவர்தான்.

பெண்கள் மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் நடத்துபவருக்குத் திரை வடிவமைப்பில் என்ன வேலை என்று சிலர் கேட்டனர். சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தை ஓதிக் கொடுக்கும் எவருக்கும் அக்கேள்விக்கு விடை தெரியும். குர்ஆனிலேயே நீளமான வசனம் அது. தொழுகையையோ நோன்பையோ பற்றியது அன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், எழுத மறுக்கக் கூடாது, பொறுப்பு யார்மீது உள்ளதோ அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும் என்று அதன் சட்டங்கள் விரிகின்றன. அதில் எழுத்தரையும் சாட்சியையும் பற்றிய சொல் ஒன்றை இரு விதமாகப் பொருள்கொள்ளலாம் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்குவர். எழுத்தருக்குத் தீங்கு செய்யப்படக் கூடாது என்பது ஒன்று. எழுத்தர் தீங்கு செய்யக் கூடாது என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாக மாணவியருக்கு இதைச் சொல்லி வந்திருக்கிறோம். ஒரு படிவத்தை வரைய அமர்ந்தபோதுதான் இரண்டாம் பொருளின் கனம் தெரிந்தது. கைப்பேசித் திரையில் எழுத்தர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருப்பதில்லை. கேள்வியை அமைத்தவரே எழுத்தர்.

பழைய செயலியின் முதற்பக்கத்தை இங்கே விவரித்தாக வேண்டும். திறந்தவுடன் ஒரே பக்கத்தில் 31 கட்டங்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து. நீர்மைச் சொத்துகள், பெறத்தக்கவை, செலுத்தத்தக்கவை, நிகர மதிப்பு என்று தலைப்புகள். கடைசியில் "சமர்ப்பி" என்றொரு பொத்தான். ஏதாவது ஒரு கட்டம் விடுபட்டால் பக்கம் முழுவதும் மேலே ஏறி, சிவப்பில் "தவறான உள்ளீடு" என்று வரும். எது தவறு என்று சொல்லாது.

வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பின் மதரஸா வகுப்பறையில் ஆறு பெண்களை அமர வைத்து, அவர்கள் இந்தச் செயலியைப் பயன்படுத்துவதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். உதவி செய்வதில்லை, விளக்கம் சொல்வதில்லை என்று எமக்கு நாமே விதித்துக்கொண்டோம். ஆசிரியைக்கு அது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும்! அவர்களுள் மூத்தவர் அறுபதைக் கடந்தவர். கணவர் விட்டுச்சென்ற மளிகைக்கடையை இருபதாண்டுகளாக நடத்துபவர். வாய்க்கணக்கில் அவரை வெல்ல ஊரில் ஆளில்லை. மூன்றாவது முறை சிவப்பு எழுத்து வந்ததும் கைப்பேசியை மேசைமீது கவிழ்த்து வைத்தார்.

"என்ன மாமி?" என்றோம்.

"இது நம்மளச் சந்தேகப்படுது ஆபா. நான் அல்லாஹ்வுக்குக் கொடுக்க வந்தேன். இது என்னமோ நான் திருடிட்டு வந்த மாதிரி கேக்குது."

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, ஜகாத் வாங்கச் செல்பவர் மக்களின் உயர்ந்த பொருள்களைப் பறித்துக்கொள்ளக் கூடாது என்றும், அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவை அஞ்ச வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி நாம் அறிந்ததே. வாங்கச் செல்பவரின் நடத்தை ஜகாத்தோடு சேர்ந்த விஷயம். சிவப்பு எழுத்தும் நடத்தைதான்.

எனவே முதலில் சொற்களைக் கவனித்தோம். "பெறத்தக்கவை" போயிற்று, "பிறர் உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி, கைமாத்தாகக் கொடுத்தது" வந்தது. "நீர்மைச் சொத்து" என்பதைப் படித்துவிட்டு ஒருவர் கிணற்றைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தார். அது "கையிலும் வங்கியிலும் உள்ள பணம்" ஆயிற்று. நகைச்சீட்டு, ஏலச்சீட்டு, கடைக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவற்றைப் பழைய செயலி கேட்கவே இல்லை. எங்கள் பெண்களின் சேமிப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. "சமர்ப்பி" என்பது "அனுப்புங்கள்" ஆயிற்று. வயதில் மூத்தவரை ஒருமையில் ஏவும் பொத்தானை எமது ஊரில் எந்தப் பிள்ளையும் வாயால் சொல்லத் துணியாது. திரையில் மட்டும் எப்படி வந்தது என்பது வியப்பு. "தவறான உள்ளீடு" என்பதற்குப் பதிலாக, அந்தந்தக் கட்டத்தின் கீழேயே "எடையை எண்ணால் எழுதுங்கள், 24 என்பது போல" என்று வைத்தோம். தொகை 100,000 என்று வந்துகொண்டிருந்ததை 1,00,000 என்று மாற்றச் சொன்னோம். நிரலெழுதும் தம்பி, இது ஒரு வரி வேலை என்றார். அந்த ஒரு வரிக்காக எத்தனை பேர் பூஜ்யங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்!

அடுத்து, 31 கட்டங்களையும் பிரித்தோம். பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளை வடிவமைக்கும் குழுவினர், ஒரு பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேட்பது என்பதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். பாடம் நடத்துபவர்களுக்கு இது புதிதன்று. அலிஃப் சொல்லி முடித்த பின்தான் பா. ஒரு திரை, ஒரு கேள்வி, கீழே பெரிய பொத்தான். பொத்தான் விரல் படும் அளவுக்கு, சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5க்கு 1 என்ற இணைய அணுகல் நெறியின் அளவுக்குக் குறையாமல். தமிழுக்கென்று தனித் தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக அடங்குவது தமிழில் பொத்தானை விட்டு வெளியே வழியும். வரிகளை நெருக்கி வைத்தால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் இகரக் கொம்பும் மோதிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வரைந்து பிறகு தமிழை ஊற்றும் வழக்கத்தை நாம் கைக்கொள்ளவில்லை. தாளில் தமிழில் எழுதி, பின்னர்தான் ஃபிக்மாவில் ஏற்றினோம்.

இவையெல்லாம் எளிய பகுதி. கடினமான பகுதி நகையில் இருந்தது.

பழைய செயலி குடும்பத் தலைவரின் பெயரில் ஒரே கணக்கைத் திறந்தது. அதில் "குடும்பத்தின் மொத்த நகை (கிராம்)" என்று ஒரு கட்டம். தாயின் நகை, மனைவியின் நகை, மருமகளின் நகை எல்லாம் ஒன்றாகக் கூடி, நிஸாபோடு ஒப்பிடப்பட்டு, 2.5 விழுக்காடு கணக்காகிவிடும். ஃபிக்ஹின் தொடக்க நூலை ஓதியவருக்கே இதில் உள்ள பிழை விளங்கும். நிஸாப் தனிமனிதருக்கு உரியது; குடும்பத்துக்கு உரியதன்று. மாமியாரிடம் 5 பவுன், மருமகளிடம் 6 பவுன், மணமாகாத மகளிடம் அவளுக்கே சொந்தமாக 4 பவுன் என்று வையுங்கள். ஒரு பவுன் 8 கிராம். கூட்டினால் 15 பவுன்; தங்கத்தின் நிஸாபாக எமது பகுதியில் சொல்லப்படும் 11 பவுனைத் தாண்டிவிடும். தனித்தனியே பார்த்தால், வேறு பணமோ வெள்ளியோ சரக்கோ இல்லாதவரை, மூவரில் எவரும் நிஸாபை எட்டவில்லை. கடமையில்லாததைக் கடமை என்று ஒரு கூட்டல் குறி சொல்லிவிடுகிறது.

மறுபக்கமும் உண்டு. அதே மருமகளிடம் 6 பவுனோடு அவளுடைய சொந்தச் சேமிப்பும் ஓராண்டு இருந்தால், ஹனஃபி மத்ஹபில் இரண்டும் மதிப்பால் சேர்க்கப்படும். 612 கிராம் அளவிலான வெள்ளியின் விலையை அந்தத் தொகை எளிதில் தாண்டும்; அவள்மீது ஜகாத் கடமையாகும். கணவர் தம் கணக்கில் சேர்த்துப் போட்டிருப்பார் என்று அவள் நினைத்திருப்பாள். கணவரோ தம் கடைக் கணக்கை மட்டும் போட்டிருப்பார்.

ஆகவே புதிய செயலியின் முதற்கேள்வியை "இது யாருடைய கணக்கு?" என்று வைத்தோம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. கைப்பேசி இல்லாதவருக்காக வீட்டில் இன்னொருவர் எழுதலாம். ஆனால் இறுதித் திரையில் விவரத்தை உரியவருக்கு வாசித்துக் காட்டும்படி கேட்கும் ஒரு வரி உண்டு. இயலாதவருக்காகப் பொறுப்பாளர் சொல்லலாம் என்ற குர்ஆனின் ஏற்பாடு எம் மனத்தில் இருந்தது. வியாழக்கிழமைப் பெண்களுள் ஒருவர், மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆனவர், இந்தத் திரையில் சற்று நேரம் நின்றார். "என் நகைன்னு என்கிட்டயே கேக்குறது இதுதான் மொதத் தடவ ஆபா" என்றார். மஹரும் தாய்வீட்டு நகையும் பெண்ணுடைய சொத்து என்பதை நிகாஹ் மஜ்லிஸ்களில் எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பார். பெயர் எழுதும் கட்டத்தைக் கண்டது அன்றுதான்.

இனி அந்த நகைக்கு ஜகாத் உண்டா என்பது. ஹனஃபி மத்ஹபில் தங்கம், வெள்ளி நகைகள் அணியப்பட்டாலும் பெட்டியில் இருந்தாலும் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் ஏற்கப்பட்ட சொல்லின்படி, ஒரு பெண் ஆகுமான முறையில், மிகையின்றி அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. சேமிப்பாகச் சேர்த்து வைத்ததற்கு உண்டு. அடகில் இருக்கும் நகைக்கு ஹனஃபிகளிடம் ஜகாத் இல்லை. ஷாஃபிஈகளிடம் அடகு என்பது மட்டும் ஜகாத்தைத் தடுப்பதில்லை. ஹனஃபிகள் மக்களுக்குத் தர வேண்டிய கடனைக் கழிப்பர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லில் கடன் ஜகாத்தைத் தடுக்காது. தமிழகத்துக் கடலோர ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. உள்ளே வர வர ஹனஃபிகள் மிகுதி. திருமண உறவால் எமது மஹல்லாவில் ஒரே அடுப்பங்கரையில் இரண்டு மத்ஹபும் தேநீர் போடுகின்றன.

பழைய செயலி இவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை. நகை எல்லாவற்றையும் கூட்டியது. கடன் எல்லாவற்றையும் கழித்தது. அதாவது, ஊர் முழுவதற்கும் ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டது. யார் வழங்கியது? ஏதோ ஒரு நகரத்தில் ஏதோ ஒரு மேசையில் இருந்தவர், ஒரு சிறு கட்டத்தில் முன்னதாகவே இட்டு வைத்த குறி. முஃப்தி ஒருவர் தீர்ப்புக் கொடுக்குமுன் எத்தனை நூல்களைப் புரட்டுகிறார், எத்தனை முறை "அல்லாஹு அஃலம்" என்று எழுதுகிறார்! முன்னதாக இடப்பட்ட குறிக்கு அந்த அச்சம் கிடையாது. பயன்படுத்துபவர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. திரை வடிவமைப்பவர்கள் இதை வசதி என்பர். பல செயலிகளில் அது வசதியாகவும் இருக்கலாம். இபாதத் சம்பந்தப்பட்ட கணக்கில் அது ஃபத்வா என்பது எமது கருத்து.

தனியாக வேலை செய்வதன் உண்மையான அபாயமும் இங்கேதான் இருக்கிறது. குழுவாகச் செய்தால் யாராவது ஒருவர் கேட்பார். ஒருவரே வரையும்போது, அவருடைய மத்ஹபும் அவருடைய வீட்டு வழக்கமும் ஓசையின்றி ஊருக்கெல்லாம் சட்டமாகிவிடும். நாம் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தோர். ஆகவே மசாயில் தொடர்பான ஒன்பது கேள்விகளைத் தாளில் எழுதி, ஊரின் இரண்டு பள்ளிவாசல்களின் இமாம்களிடமும் தனித்தனியே கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த விடைகளைக் கொண்டே அந்தத் திரைகளை அமைத்தோம். கடன் வசனம் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. இரண்டு இமாம்கள் போதும் என்று நினைத்தோம். புதிய செயலியில் "நீங்கள் எந்த மத்ஹபைப் பின்பற்றுகிறீர்கள்?" என்ற கேள்வி உண்டு. மூன்று தெரிவுகள்: ஹனஃபி, ஷாஃபிஈ, "தெரியவில்லை, இமாமிடம் கேட்க விரும்புகிறேன்". எதிலும் முன்கூட்டிய குறி இல்லை. மூன்றாவதைத் தொட்டால், பதில் வரும்வரை கணக்கு அப்படியே காத்திருக்கும். தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு செயலி பாதியில நிக்கக் கூடாது ஆபா, ஆள் போயிருவாங்க" என்றார். போகட்டும், இமாமிடம்தானே போகிறார்கள் என்றோம்.

இத்தனைக்கும் மேலாக, எம் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. பழைய செயலி, நிரப்பப்பட்ட எல்லாக் கட்டங்களையும் ஜமாஅத் அலுவலகக் கணினிக்கு அனுப்பியது. ஜகாத் தொகையை மட்டுமன்று. எந்த வீட்டில் எத்தனை பவுன், எந்த வங்கியில் எவ்வளவு, யாருக்கு யார் கடன் என்பது முழுவதும். அலுவலகத்தில் அதைப் பார்க்கக் கூடியவர்கள் நால்வரோ ஐவரோ. அனைவரும் நல்லவர்கள். ஆனால் ஊர் சிறியது. ஒரு பெண்ணுக்கு வரன் பேசி முடியும் நேரத்தில், பெண் வீட்டில் இத்தனை பவுன் இருக்கிறதே, ஏன் குறைத்துச் சொல்கிறீர்கள் என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டிலிருந்து எழுந்தது. எண் சரியாக இருந்தது. அந்த எண்ணை அப்பெண்ணின் தாய் வேறு யாரிடமும் சொன்னதில்லை. ரமளானில் ஜகாத்துக்காகச் செயலியில் எழுதியிருந்தார். எப்படிக் கசிந்தது என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் மறு ஆண்டு அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் கணக்கு அனுப்பவில்லை.

ஃபுகஹாக்கள் ஜகாத்துக்குரிய செல்வத்தை வெளிப்படையானது, மறைவானது என்று பிரித்தனர். மேயும் கால்நடையும் விளைச்சலும் வெளிப்படையானவை. அவற்றை ஆட்சியாளரின் ஊழியர் வந்து கணக்கெடுக்கலாம். தங்கம், வெள்ளி, ரொக்கம் மறைவானவை. அவற்றின் ஜகாத்தை உரிமையாளரே கணக்கிட்டுக் கொடுக்கும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் ஒப்படைக்கப்பட்டது என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதியிருக்கின்றனர். வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்து பார்ப்பதில் உள்ள சங்கடத்தை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் அந்தப் பெட்டியைக் கைப்பேசி வழியே திறந்து வைத்திருந்தோம் என்று ஜமாஅத் கூட்டத்துக்கு எழுதிக் கொடுத்தோம்.

பொருளாளர் மறுத்தார். அவருடைய மறுப்பில் நியாயம் இருந்தது. "யாரிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்று திட்டமிடலாம்? எத்தனை விதவைகளுக்கு மாதத்தொகை ஒப்புக்கொள்வது என்று எதை வைத்து முடிவு செய்வது?" என்று கேட்டார். அவர் கணக்குப் பார்ப்பதால்தான் பைத்துல்மால் நிற்கிறது. அவரை எதிர்த்துப் பேசுவது எமக்கு எளிதாக இல்லை. திட்டமிட, வரும் தொகை தெரிந்தால் போதும். பவுன் தெரிய வேண்டியதில்லை என்றோம். தனிமனிதர் விவரங்களைப் பற்றி 2023இல் இந்தியாவில் இயற்றப்பட்ட சட்டமும், எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும், ஒப்புதலோடு பெறுவதையே அடிப்படையாகக் கொண்டது என்று ஜமாஅத்தில் இருந்த வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார். இரண்டு கூட்டங்கள் நடந்தன. முடிவில் ஓர் ஏற்பாடு உருவாயிற்று: கணக்கு முழுவதும் அவரவர் கைப்பேசியிலேயே நடக்கும், எந்த எண்ணும் வெளியே போகாது. இறுதியில், கடமையான தொகையில் பைத்துல்மாலுக்கு எவ்வளவு தர விரும்புகிறார் என்ற ஒரே எண்ணை மட்டும் அவர் அனுப்புவார். மீதியைத் தம் ஏழை உறவினர்க்குத் தாமே கொடுப்பதாயின், அதைச் சொல்லத் தேவையில்லை. அனுப்பும் திரையில், பொத்தானுக்கு நேர் மேலே, "இந்த ஒரு தொகை மட்டுமே ஜமாஅத்துக்குப் போகும்" என்று எழுதி, அந்தத் தொகையையும் அதே திரையில் காட்டினோம். செயலியிலேயே பெரிய எழுத்து அதுதான்.

மளிகைக்கடை மாமி இந்தத் திரையை இருமுறை வாசித்தார். பிறகு, "அப்ப நெசத்தையே எழுதலாம்" என்றார்.

அவர் பொய் எழுதும் பெண்மணி அல்லர். ஆனால் கேட்கும் விதம் ஒருவரை உண்மையின் விளிம்புக்குத் தள்ளிவிடும் என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் கேட்டோம். படிவங்களைப் பற்றி நாம் வாசித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

பெறுவோர் பக்கத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பழைய செயலியின் வாசலில் "கொடுப்பவர்", "வாங்குபவர்" என்று இரண்டு பெரிய பொத்தான்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியும் அளவில். தேவையிருந்தும் கேட்கக் கூசி, பார்ப்பவர் வசதியானவர் என்று எண்ணும்படி வாழ்பவர்களைச் சூரத்துல் பகரா தனியே குறிப்பிடுகிறது. அப்படிப்பட்டவர் அந்தப் பொத்தானைத் தொடமாட்டார். இப்போது இரண்டுக்கும் ஒரே வாசல்தான். கணக்கைப் போட்டு முடித்ததும், நிஸாபை எட்டாதவருக்கு "உங்கள்மீது ஜகாத் கடமையில்லை" என்று வரும், அதன் கீழே, "பைத்துல்மால் உங்களுக்கு ஏதேனும் உதவலாமா?" என்ற ஒரு வரி. தொட்டால், எந்த நேரத்தில் அழைக்கலாம், பேசுபவர் ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கும். ரேஷன் அட்டை, வாடகைச் சீட்டு, மருத்துவமனைத் தாள் எல்லாம் அப்புறம், ஒரு மனிதர் பேசிய பிறகு. சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டு வகையினரில் இவர் எவர் என்று பிரிக்கும் வேலை செயலியுடையதன்று.

ஆண்டுக் கணக்கு ஒன்று பாக்கி. பழைய செயலி ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிட்டது. ஜகாத்தின் ஆண்டு பிறையாண்டு, 354 அல்லது 355 நாள். வருமானவரிக் கணக்கோடு சேர்த்து மார்ச் 31இல் கடைக் கணக்கை முடிப்பவர்கள் சூரிய ஆண்டின் கூடுதல் நாள்களுக்கு ஈடாக 2.5க்குப் பதில் 2.577 விழுக்காடு எடுப்பதை, இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்குத் தர அமைப்பான ஆயோஃபி ஏற்றிருக்கிறது. இரண்டையும் வைத்தோம். நிஸாபை முதலில் எட்டிய பிறைத் தேதி நினைவிருந்தால் எழுதலாம், பெரும்பாலோருக்கு நினைவிருப்பதில்லை. ரமளான் முதல் பிறையைத் தேர்வோரே மிகுதி.

ரஜப் மாதம் புதிய செயலி 40 வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டது. கடைச் சரக்கின் திரை மட்டும் இன்னும் அமையவில்லை. வாங்கிய விலையா, இன்றைய விற்பனை விலையா, விற்காமல் தேங்கிய சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று கேள்விகள் நீள்கின்றன. ஜவுளிக்கடைக்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் ஒரே கேள்வியைக் கேட்க முடியாது. காலாவதியான மாத்திரையும் பழைய டிசைன் சேலையும் ஒரே கணக்கில் வாரா. நான்கு கடைக்காரர்களோடும் இமாம்களோடும் ஷஅபான் முதல் வாரத்தில் அமர இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை வியாபாரிகளுக்குப் பழையபடி தாள் படிவம்தான். எழுத்து பெரிதாக, இருபுறமும் அச்சிட்டு, மதரஸா அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். காலை 10 மணி முதல் லுஹர்வரை பெற்றுக்கொள்ளலாம். பெண் வியாபாரிகள் அஸருக்குப் பின் வந்தால், உடன் அமர்ந்து நிரப்ப ஆலிமாக்கள் இருவர் இருப்பார்கள்.